அமாவாசை ஆஸ்பத்திரி

குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்தது. குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த மனுவைப் படித்தார்களாம். நாடு முழுக்க மனநல சேவையையே மாற்றி அமைக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மாவட்டம் மாவட்டமாக நோயாளிகளின் குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்களாம். நான் வந்து பேச வேண்டுமாம். குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "இன்னா வேணும்னாலும் பேசலாமா சார்?" என்றேன். "தாராளமா பேசுங்க," என்றார். என்னிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று அந்த மனிதரை யாரும் எச்சரிக்கவில்லை போலிருக்கிறது.

என் வாயைப் பற்றி ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் சேவூரில் எல்லோருக்கும் தெரியும். தையல் கடை வைத்திருக்கிறேன். துணி கொண்டுவருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டு அரை மணி நேரம் என் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அதைவிட வேகமாகச் சிரிப்பும் வந்துவிடும் என்பதால் வாடிக்கை குறையவில்லை. அன்றைக்கு அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு வலது கையை இடப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்கும்போதுகூடப் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்துக்குக் காரணம் என் தம்பி. பட்டு நெசவாளி. எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் அவன் தறி. வாலிப வயதில் அவன் காதில் குரல்கள் பேச ஆரம்பித்தன. தறியை விட்டு எழுந்து யாருமில்லாத மூலையோடு சண்டை போடுவான். தூங்க மாட்டான். ஒருநாள் நெய்வதற்குத் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலையே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டான். மனச்சிதைவு நோய் என்று கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்து, அவனை மீட்டுத் தந்தது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். ஆனால் அந்த மாத்திரைக்கு மாதா மாதம் இருவரும் சென்னைக்குப் போய் வர வேண்டும். விடிவதற்கு முன் பஸ், வரிசை, திரும்பி வர இருட்டிவிடும். அவனுக்குத் தறி நிற்கும், எனக்குக் கடை பூட்டும்.

இத்தனை நாள் பேசாமல் வந்தவன் நான் மனு கொடுப்பதற்குச் சில மாதம் முன்னால் திடீரென்று, "இனிமே நான் மெட்ராஸுக்கு வர மாட்டேன்கா," என்று சொல்லிவிட்டான். கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். ஏன் என்று மட்டும் அவன் சொல்லவே இல்லை. நான் மட்டும் போனால் ஆளைப் பார்க்காமல் மாத்திரை தர முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். பழைய சீட்டைக் காட்டி வெளியில் கடையில் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்? மாத்திரை நின்றால் குரல்கள் திரும்பி வரும். ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் ஆரணியிலேயே டாக்டரும் மாத்திரையும் வேண்டும் என்று மனு கொடுத்தேன்.

கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் பெரிய மேசை, மின்விசிறி, முறுக்கும் டீயும். சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். போளூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி, தேசூரிலிருந்து ஒரு டீச்சர், இன்னும் சில குடும்பங்கள். எல்லோரும் "அரசாங்கம் பார்த்துச் செய்யணும்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். என் முறை வந்தது.

"மாசத்துல ஒரு நாள் ஆரணிக்கு மனநல டாக்டரை அனுப்புங்க சார். மாத்திரையும் அங்கயே குடுங்க. அதுவும் கண்ட நாள்ல வெச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க. தறிய விட்டுட்டு எவன் வருவான்? அமாவாசையில வையிங்க," என்றேன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. பட்டுத் தறிகளுக்கு அமாவாசைதான் விடுமுறை என்று விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகூட ஓடும் தறி அமாவாசையில் ஓடாது. காலையில் தலைக்கு எண்ணெய், முன்னோருக்குப் படையல், மத்தியானம் வடை பாயசம், அப்புறம் தூக்கம். ஊரே சும்மா இருக்கிற நாள். அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் நாங்க எதிர்பார்க்கிறோம். மேல உட்கார்ந்து பார்த்தா இது தெரியவே தெரியாது," என்று மேசையைத் தட்டினார். கூட்டத்தில் கைதட்டல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் மூன்று அமாவாசைக்குச் சோதனையாக நடத்துவார்கள். ஆட்கள் வராவிட்டால் டாக்டரும் மருந்தும் வேறு ஊருக்குப் போய்விடும்.

"அலைமோதும் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் அமாவாசை வந்தது. ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். திண்டிவனத்துப் பக்கம், பேச்சில் நல்ல கலகலப்பு. மாத்திரைப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. பெஞ்சுகள் வரிசையாகக் காத்திருந்தன. நானும் தம்பியும் முதல் ஆளாக உள்ளே போனோம். அவனைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். ஆரணியிலேயே அதைக் கையில் வாங்கினபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வாசலுக்கு வந்து கூட்டத்தைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் பல்வலிக்காரர் ஒருவர் இருந்தார். அவரும் இடம் தெரியாமல் வந்தவர்.

பத்து மணி, பதினொரு மணி. யாரையும் காணோம். எனக்குப் பேஜாராகிவிட்டது. எனக்குத் தெரிந்தே எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி நோயாளிகள் இருக்கும் வீடுகள் பல உண்டு. வீடு வீடாக நானே போய்ச் சொல்லியிருந்தேன். எல்லோரும் "வரோம்மா" என்றுதான் சொன்னார்கள். தம்பியை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு வேகமாக பஸ் ஸ்டாண்டு வழியாக சேவூருக்குப் போகப் புறப்பட்டேன். பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டேன்.

நான் தேடிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் எலுமிச்சம்பழம், தூக்குச் சட்டியில் கட்டுச்சோறு, கூடவே நோயாளி.

"இன்னாங்க இது? ஆஸ்பத்திரிக்கு வரோம்னு சொன்னீங்களே!" என்று பக்கத்துத் தெருப் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். மருமகளை அழைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அமாவாசையாச்சேம்மா," என்றார், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பது போல என்னைப் பார்த்து. "அமாவாசையில அங்காளம்மன் கிட்ட இட்டுகினு போவாம வேற எங்க போறது? நீங்களும்தான் உங்க தம்பிய இட்டுகினு போனீங்க."

உண்மைதான். தம்பிக்கு மாத்திரை பிடிபடும்வரை மாதம் தவறாமல் இதே பஸ்ஸில் நாங்களும் போயிருக்கிறோம். ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு, அங்கேயே படுத்துக் காலையில் திரும்புவோம். அவனுக்குக் குணமானதும் எனக்கு அமாவாசை என்றால் வடையும் பாயசமும் தூக்கமும் என்று ஆகிவிட்டது. கூட்டத்தில் கைதட்டிய ஒருவருக்காவது இது ஞாபகம் வந்ததா? தறி நிற்கிற நாள் எது என்று மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம். அந்த நாளில் நோயாளி எங்கே இருப்பான் என்று யோசிக்கவே இல்லை. நடு பஸ் ஸ்டாண்டில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டு, அப்படியே சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். பெரியவர் மருமகளை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

ஆனால் சிரித்துக்கொண்டே பார்க்கும்போதுதான் தெரிந்தது. ஆரணி, சேவூர், சுற்றுப்பட்டுக் கிராமங்கள், எங்கெங்கோ ஒளித்து வைத்திருந்த நோயாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நாம் கும்பிட்டு அழைத்தாலும் இப்படிக் கூட்ட முடியாது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பது இதுதான். ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன்.

"டாக்டரம்மா, நாள் தப்பில்ல. இடம்தான் தப்பு!" என்றேன், மூச்சு வாங்க. "ஆளுங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. நாம அங்க போவணும்."

டாக்டர் பல்வலிக்காரருக்கு வழி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுலயா? அங்க நாலு பேர் பார்க்க மனநல டாக்டர்கிட்ட வருவாங்களா?"

அதுவும் சரிதான். யோசித்தபோது சங்கத்துக் கட்டடம் ஞாபகம் வந்தது. பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் கூடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறது. அமாவாசையில் தறியோடு சங்கமும் பூட்டிக் கிடக்கும். அதற்குள் யார் நுழைந்தாலும் சங்கத்தில் ஏதோ கூட்டம் என்றுதான் ஊர் நினைக்கும். பைத்தியக்கார டாக்டரிடம் போகிறான் என்று ஒருவனும் கைகாட்ட முடியாது. இதைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அடுத்த அமாவாசை வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். "சங்கத்துக்குள்ள ஆஸ்பத்திரியா? நெசவாளிங்க இன்னா சொல்வாங்க?" என்று இழுத்தார். "நெசவாளிக்குத்தான் ஆஸ்பத்திரி," என்றேன். சாவி வந்தது. டாக்டர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே உட்கார மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். அந்தச் சென்னை அதிகாரிக்கு நானே போன் போட்டேன். முதல் அமாவாசை காலியாகப் போன கதையை முழுதாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு போனில் அடங்கவே இல்லை. "மாத்தி அமைக்கிறதுன்னு ஆரம்பிச்சாச்சு, இதையும் மாத்திடுவோம்," என்றார். ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. அரசாங்கம் இவ்வளவு ஜல்தியாக வேலை செய்யும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஸ்பெஷல் பஸ் கண்டக்டர் ஒருவரையும் பேசிப் பிடித்தேன். அவர் மனைவிக்கு ரவிக்கை தைப்பது நான்தான். அதனால் மறுக்க முடியவில்லை.

அந்த இரண்டாவது அமாவாசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. கண்டக்டர் படிக்கட்டில் நின்றுகொண்டு கூவினார். "வண்டி கெளம்ப நேரமிருக்கு. பின்னாடி சங்கத்துல டாக்டர் வந்திருக்காங்க. ஜல்தியா பார்த்துட்டு வாங்க. ஆத்தா எங்கயும் போவ மாட்டா!" முதலில் யாரும் அசையவில்லை. பக்கத்துத் தெருப் பெரியவர்தான் மருமகளோடு தயங்கித் தயங்கி வந்தார். கையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

"அம்மா, இங்க வந்துட்டு அங்க போனா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?" என்று டாக்டரைக் கேட்டார்.

"ஏன் கோவிச்சுக்கணும்? கோயிலுக்கும் போங்க, மாத்திரையும் சாப்பிடுங்க. வேப்பிலையும் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது," என்றார் டாக்டர். அந்த மருமகள் பிள்ளை பெற்றதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. டாக்டர் அவளைத் தனியாக உள்ளே வைத்துப் பேசினார். வெளியே வரும்போது அவள் மாமனாரிடம், "தாகமா இருக்கு," என்று சொன்னாள். "மருமவ பேசிட்டா!" என்று கூவிக்கொண்டே பெரியவர் பஸ் ஸ்டாண்டுக்குத் தண்ணீர் வாங்க ஓடிய ஓட்டத்தைப் பார்த்து பஸ்ஸில் இருந்தவர்களே இறங்கி வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் கூடம் கொள்ளவில்லை. பாவு சுற்றி வைக்கும் இடத்திலெல்லாம் ஜனங்கள். ஒரு தாய் தன் மகனின் இரண்டு கைகளையும் துண்டால் கட்டி அழைத்து வந்திருந்தாள். டாக்டர் அவனுக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டினார். கட்டிய கையால் எப்படி வாங்குவான்? தாயே வெட்கப்பட்டுக்கொண்டு துண்டை அவிழ்த்தாள். என் தம்பி வாசலில் நின்று வருகிறவர்களை வரிசைப்படுத்தினான். பயந்து வந்தவர்களிடம், "ஊசியெல்லாம் கெடையாது, பேசத்தான் போறாங்க," என்று மெதுவாகச் சொல்வதைக் கேட்டேன். ஸ்பெஷல் பஸ் தாமதமாகப் புறப்பட்டது. கொண்டுவந்த மாத்திரைகள் தீர்ந்து, ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி இன்னும் எடுத்து வரச் சொன்னார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஆறிப்போன வடையை எடுத்து நானும் தம்பியும் தின்றோம். அப்படி ஒரு வடையை நான் தின்றதே இல்லை.

மூன்றாவது அமாவாசைக்கு அந்தச் சென்னை அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு, கண்டக்டரின் கூவல், எலுமிச்சம்பழங்களோடு சங்கத்தில் நிற்கும் வரிசை எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூட்டம் வடிந்து, ஸ்பெஷல் பஸ்ஸும் போன பிறகு கூடத்தின் நடுவில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். அதிகாரி, டாக்டர், சங்கத் தலைவர், சில குடும்பங்கள், நான்.

"இது நிக்காது. ஆரணிக்கு இது நிரந்தரம்," என்றார் அதிகாரி. "மத்த ஊர்லயும் முதல்ல போய், ஜனங்க எந்த நாள்ல எங்க கூடறாங்கன்னு பார்க்கச் சொல்லப் போறேன்."

நான் கைதட்டிவிட்டேன். சங்கத் தலைவரும் தட்டினார். இனிமேல் சென்னை இல்லை, தம்பியிடம் கெஞ்சல் இல்லை, குரல்கள் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. சென்னைப் பயணக் கதை, அவன் வர மாட்டேன் என்றது, நான் பட்ட பாடு, எல்லாவற்றையும் கொட்டினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப உங்க தம்பி எப்படி இருக்கார்?" என்றார்.

"ஜோரா இருக்கான் சார். மாத்திரை பக்கத்துலயே கெடைக்குது, வேற இன்னா வேணும்?"

"இல்லீங்க," என்றது ஒரு குரல்.

வாசலில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த என் தம்பி. கையிலிருந்த பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். இத்தனை பேர் நடுவில் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பதற்றத்தில், "தம்பி, நீ இருடா," என்று எழுந்தேன்.

"நீ உக்காருக்கா," என்றான். அதிகாரியின் பக்கம் திரும்பினான். "மாத்திரை நல்ல மாத்திரைதாங்க. காதுல ஒண்ணும் கேக்கல. ஆனா கை நடுங்குது. இழை அறுந்தா எடுத்து முடிச்சுப் போட வெரல் நிக்க மாட்டேங்குது. முகூர்த்தப் பொடவை நெய்ய முடியல. அதான் சாதாப் பொடவையா போட்டுகினு இருக்கேன்." கையை நீட்டிக் காட்டினான். உண்மையிலேயே விரல்கள் நடுங்கின.

அவனுக்கு நெசவில் அக்கறை போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சோம்பேறி என்று நானே சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் எழுந்து வந்து அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "இது மாத்திரையால வர்றதுதான். அளவைக் குறைச்சுப் பார்க்கலாம், மாத்தியும் குடுக்கலாம், சரியாகும்," என்றார். "இதை ஏன் தம்பி நீங்க முன்னாடியே சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலீங்க. எங்க போனாலும் அக்காவத்தான் கேப்பாங்க. நான் பக்கத்துல உக்காந்துகினு இருப்பேன். அதுக்கு எதுக்கு மெட்ராஸ் வரைக்கும் வரணும்னுதான் வர மாட்டேன்னேன்."

எனக்கு முகம் சுட்டது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் பொங்கியது. என் தம்பி ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசிவிட்டானே! அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் உட்காரச் சொல்லியிருந்தான். உட்கார்ந்துகொண்டேன்.

அதிகாரி எழுந்து தன் நாற்காலியை என் பக்கமிருந்து அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டார். இன்னொரு நாற்காலியை எதிரில் இழுத்து அவனை உட்கார வைத்தார்.

"சொல்லுங்க, வேற என்ன மாத்தணும்?" என்றார்.

என் தம்பி பேச ஆரம்பித்தான். நான் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.